கடைசி வரிசைக்குக் கேட்கிறதா?

(சங்கக் கிளைப் பிரதிநிதிகள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மைக்கைப் பற்றிப் பேசுவதற்காக மைக் முன்னால் வந்து நிற்பவனுக்கு ஒரு தனி பயம் உண்டு. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே இது "குய்ங்" என்று கூவிவிட்டால் அதற்கப்புறம் நான் சொல்வதை ஒருவரும் நம்பமாட்டார்கள். அதனால் காலையிலேயே வந்து இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் நிற்கிறேன். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை என்றால் கையைத் தூக்குங்கள். தயங்க வேண்டாம். என் பேச்சு முழுவதும் அந்தக் கையைப் பற்றித்தான்.

பல ஊர்க் கிளைகளிலிருந்து ஒரே கேள்வி வந்துகொண்டிருக்கிறதாம். மைக் செட்டை ஒவ்வொரு தடவையும் வாடகைக்கு எடுப்பதா, அல்லது இப்போது கடைகளில் கிடைக்கும், ஆம்பிளிஃபயர் உள்ளேயே வைத்த, தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஸ்பீக்கர் ஒன்றை வாங்கிவிடுவதா? வாங்கினால் எதை? எங்கள் கிளையில் பல வருஷமாக மைக் பார்த்துக்கொள்ளும் வேலை என் தலையில் விழுந்திருப்பதால் என்னைச் சொல்லச் சொன்னார்கள். நான் இஞ்சினீயர் இல்லை. தப்புகள் செய்து கற்றுக்கொண்டவன். அதில் பெரிய தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் கிளையில் ஒன்பது நாள் ராமாயண உபன்யாசம் ஏற்பாடு செய்தோம். ஹாலில் தாழ்ந்த கூரை, மார்பிள் தரை, இரண்டு பக்கமும் கண்ணாடி ஜன்னல். நூற்றிருபது பேர் உட்காரலாம். மைக் செட்டுக்காரர் ஆளுயரத்துக்கு இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து மேடைக்கு இரு பக்கமும் தரையில் வைத்தார். பார்க்க ஜோராக இருந்தது. முதல் நாள் பின் வரிசையிலிருந்து "சரியா கேக்கலே" என்று குரல் வந்தது. நான் மைக் செட்டுக்காரரைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் ஏத்துங்கோ" என்றேன். இரண்டாம் நாளும் அதே குரல். இன்னும் ஏற்றச் சொன்னேன்.

எண்பது வயது தாண்டிய ஒரு மாமி இரண்டு பஸ் மாறி வந்து கடைசி வரிசையில் ஃபேனுக்கு அடியில் உட்காருவார். மூன்றாம் நாளைக்கப்புறம் வரவில்லை. உடம்புக்கு என்னமோ என்று நினைத்து, மறுநாள் காலை பிரசாதத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மாமி திடமாகத்தான் இருந்தார். மடியில் புஸ்தகம்.

"சத்தம் நன்னா கேட்டதுடா. காதைப் பொளந்தது. வார்த்தைதான் ஒண்ணும் புரியலே. அங்க வந்து புரிஞ்ச மாதிரி தலையை ஆட்டிண்டு உக்காந்திருக்கறதுக்கு, ஆத்துலயே நானே படிச்சுண்டுடலாம்னு தோணித்து" என்றார்.

வயதானவர், காது மந்தம் என்று மனசுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டுதான் திரும்பினேன். அன்று சாயங்காலம் எதற்கும் பார்க்கலாமே என்று மாமியின் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். எனக்கும் புரியவில்லை! உபன்யாசகர் 'தசரதன்' என்று சொன்னால் அங்கே வந்து சேர்ந்தது 'அ-அ-அ-அன்'. மூன்று நாளாக நான் மேடைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, இன்னும் ஏத்துங்கோ, இன்னும் ஏத்துங்கோ என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தேன். கடைசி வரிசைக்கு ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை.

இதற்குக் காரணம் என்ன என்று அப்புறம் தெரிந்தவர்களைக் கேட்டும் படித்தும் புரிந்துகொண்டேன். நம் பேச்சில் உயிர் எழுத்துகளின் ஓசை கனமானது, பலமானது. ஆனால் ஒரு வார்த்தையை இன்ன வார்த்தை என்று அடையாளம் காட்டுவது பெரும்பாலும் மெய் எழுத்துகள். ச, த, க, ப, ட இவற்றின் ஓசை மெல்லியது, உயர்ந்த அதிர்வெண்ணில் இருப்பது. 2000 ஹெர்ட்ஸிலிருந்து 4000 ஹெர்ட்ஸும் அதற்கு மேலும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயதானால் காது முதலில் இழப்பதும் அந்த உயர்ந்த ஓசைகளைத்தான். ஸ்பீக்கரைத் தரையில் வைத்தால், அந்த ஓசைகளை முன் வரிசைக்காரர்களின் உடம்பும் துணிமணியும் உறிஞ்சிவிடும். கனமான ஓசையோ வளைந்து நெளிந்து பின்னால் போய்விடும். போதாக்குறைக்கு மார்பிளும் கண்ணாடியும் அதையே திருப்பித் திருப்பி அனுப்பும். அதற்கு மேல் மைக் செட்டுக்காரர் தன் பங்குக்கு 'எக்கோ' வேறு வைத்திருந்தார். வால்யூமை ஏற்ற ஏற்ற இந்தக் குழப்பம்தான் ஏறுமே ஒழிய வார்த்தை தெளியாது.

ஐந்தாம் நாள் இரண்டு பெட்டிகளையும் சாப்பாட்டு மேஜைகளின் மேல் ஏற்றி, சற்றே உள்பக்கம் திருப்பி வைக்கச் சொன்னேன். எக்கோவை அடியோடு நிறுத்தினோம். 'பாஸ்' குமிழைப் பாதிக்குக் கீழே இறக்கினோம். வால்யூமையும் குறைத்தோம். மைக் செட்டுக்காரருக்கு என் மேல் கோபம். "சார், எஃபெக்டே இருக்காது" என்றார். எஃபெக்ட் இல்லைதான். வார்த்தை கேட்டது. மாமிக்கு ஆள் அனுப்பினேன். பட்டாபிஷேகத்துக்கு வந்தார்.

ஆகவே ஸ்பீக்கர் வாங்கப் போகும்போது அந்தக் கடைசி நாற்காலியை மனதில் வைத்துக்கொண்டு போங்கள்.

கடையில் முதலில் சொல்வது வாட்ஸ். பெட்டியின் மேல் 1000 வாட்ஸ், 2000 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அது பெரும்பாலும் கண நேர உச்சக் கணக்கு. தொடர்ந்து தரக்கூடியது அதில் ஒரு பகுதிதான். அது போகட்டும், வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் சத்தம் இரண்டு மடங்காகாது. கூடுவது 3 டெசிபெல்தான். காதுக்கு 'ஆமாம், கொஞ்சம் கூடியிருக்கிறது' என்று தெரியும், அவ்வளவே. இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் சுமார் 10 டெசிபெல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். வாட்ஸை விட்டுவிட்டு, ஒரு மீட்டர் தூரத்தில் அதிகபட்சம் எத்தனை டெசிபெல் தரும் என்று கேளுங்கள். நல்ல சிறிய ஸ்பீக்கர்களே 110-க்கு மேல் தருகின்றன. திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபெல் குறையும். ஒரு மீட்டரிலிருந்து 2, 4, 8, 16 என்று நாலு தடவை இரட்டித்தால் 24 குறையும். அப்படியும் 16 மீட்டரில் 86 இருக்கிறது. சுகமாகப் பேச்சுக் கேட்க 70 தாராளம். நம் கிளைகளில் நடக்கும் நூறு, நூற்றைம்பது பேர் கூட்டத்துக்குச் சத்தம் என்றைக்கும் பஞ்சமில்லை. பஞ்சம் தெளிவுக்குத்தான்.

இரண்டாவது, எடை. இதை யாரும் கேட்பதில்லை. நம் கமிட்டிகளின் சராசரி வயதைச் சொல்லி யாரையும் சங்கடப்படுத்த எனக்கு விருப்பமில்லை. 15 அங்குல ஸ்பீக்கர் பெட்டி ஒன்று 17, 20 கிலோ இருக்கும். அதைக் காரிலிருந்து இறக்கி, லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடிக்கு ஏற்றி, அப்புறம் தோள் உயரத்துக்குத் தூக்கி ஸ்டாண்டில் சொருக வேண்டும். யார் சொருகுவது? யாரும் இல்லாததால்தான் அது தரையிலேயே உட்கார்ந்துவிடுகிறது, மாமிக்குக் கேட்காமல் போகிறது. பேச்சுக்கும் பஜனைக்கும் 8 அல்லது 10 அங்குலம் போதும். பாட்டரியோடு கூடிய போஸ் எஸ்1 புரோ, ஜேபிஎல் இயான் ஒன் காம்பாக்ட் போன்றவை 7, 8 கிலோதான். ஒரு கையால் தூக்கலாம். விலை நம் கிளைகளுக்குக் கொஞ்சம் எட்டாத உயரம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1940 முதல் இந்தத் தொழிலில் இருக்கும் அஹூஜா நம் நாட்டுக் கம்பெனி. அதிலும் பாட்டரி வைத்த சிறிய செட்டுகள் உண்டு. எதை வாங்கினாலும் அதன் சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். ரிப்பேருக்காக ஸ்பீக்கரை ரயிலில் அனுப்பிய அனுபவம் எங்களுக்கு ஒரு தடவை போதும்.

மற்றபடி பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். அடியில் ஸ்டாண்ட் சொருக 35 மில்லிமீட்டர் குழி இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு மைக் சொருகுமிடம், ஒவ்வொன்றுக்கும் தனி வால்யூமோடு. அவை மூன்று முள் கொண்ட எக்ஸ்.எல்.ஆர். வகையாக இருக்கட்டும். கடைக்காரர்கள் கேனான் பின் என்பார்கள். அந்த ஒயரில் நீளம் அதிகமானாலும் இரைச்சல் ஏறாது. பின்னால் இன்னொரு ஸ்பீக்கரை இணைக்க ஒரு அவுட்புட். பாட்டரி இருந்தால் மிக நல்லது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். கலர் லைட் மின்னுகிற, சக்கரம் வைத்த டிராலி ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். பேரன் பிறந்தநாளுக்குச் சரி. அதில் கனமான ஓசை மட்டும்தான் பிரமாதமாக இருக்கும்.

மும்பையில் லாமிங்டன் ரோடு, டெல்லியில் லஜ்பத்ராய் மார்க்கெட், கொல்கத்தாவில் சாந்தினி, பெங்களூரில் எஸ்.பி. ரோடு என்று ஒவ்வொரு ஊரிலும் ஒரு கடைத்தெரு இருக்கிறது. எங்கே போனாலும் ஒரு காரியம் செய்யுங்கள். கடைக்காரர் சினிமாப் பாட்டுப் போட்டுக் காட்டுவார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கூட வந்தவர் கையில் மைக்கைக் கொடுத்து, நீங்கள் அதுவரை பார்க்காத ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். பதினைந்து, இருபது அடி தள்ளி, முதுகைத் திருப்பிக்கொண்டு நின்று, கேட்ட வார்த்தையை அப்படியே திருப்பிச் சொல்ல முடிகிறதா பாருங்கள். கடையில் கூட்டமும் போக்குவரத்து இரைச்சலும் இருந்தால் இன்னும் நல்லது. நம் ஹாலும் அப்படித்தான் இருக்கும்.

மைக்கில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஸ்பீக்கருக்கு அத்தனை செலவு செய்துவிட்டு, அதோடு இலவசமாக வந்த மைக்கைப் பயன்படுத்துகிற கிளைகளைப் பார்த்திருக்கிறேன். முன்பக்க ஓசையை மட்டும் வாங்கி, பின்பக்க ஓசையைத் தள்ளுகிற 'கார்டியாய்டு' வகை டைனமிக் மைக் ஒன்று நல்லதாக வாங்குங்கள். ஷ்யூர் எஸ்.எம்.58 என்ற மைக் 1966-ல் வந்தது. இன்றும் அதே உருவத்தில் விற்கிறது. கீழே விழுந்தாலும் அசராது. நம் வீட்டுக் குழந்தைகளுக்கு ஏற்றது.

இப்போது கூவலுக்கு வருகிறேன். மைக்கில் வாங்கிய சத்தம் ஸ்பீக்கரில் வருகிறது. அது மறுபடி மைக்கில் நுழைந்தால், மறுபடி பெருகி மறுபடி வருகிறது. இந்தச் சுற்றுதான் கூவல். ஸ்பீக்கர் எப்போதும் மைக்குக்கு முன்னால், சபையைப் பார்த்து இருக்க வேண்டும். பேசுகிறவருக்குப் பின்னால் ஸ்பீக்கரை வைத்துவிட்டுக் கூவுகிறது என்றால் அது மெஷின் குற்றமில்லை. அடுத்தது, வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம். நாலு விரற்கடை போதும். எட்டு விரற்கடையானால் மைக்கில் விழும் குரல் 6 டெசிபெல் குறைந்துவிடும். அதை ஈடுகட்ட வால்யூமை ஏற்றுவோம், ஏற்றினால் கூவும். நம்மவர்களுக்கு மைக்கைக் கண்டால் மரியாதை அதிகம், ஒரு முழம் தள்ளித்தான் நிற்பார்கள்! சிலர் சினிமாவில் பார்த்தபடி மைக்கின் தலையையே உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பார்கள். பொத்தினால் பின்பக்க ஓசையைத் தள்ளுகிற குணமே போய்விடும். பேசுகிறவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆரம்பிப்பதற்கு முன் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, கையில் கொடுத்து, இரண்டு வரி பேசச் சொல்லி, இப்படிப் பிடியுங்கள் என்று காட்டிவிட்டால் போதும். பயன்படுத்தாத மைக்கை நிறுத்திவையுங்கள். திறந்திருக்கிற மைக்கின் எண்ணிக்கை கூடக் கூட, கூவுவதற்கு முன் நமக்கு இருக்கிற இடம் சுருங்கும்.

ஸ்பீக்கரின் மேல்பகுதி, உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேலே தெரிய வேண்டும். இதுதான் உயரக் கணக்கு. நீளமான ஹாலானால் முன்னால் இருப்பதையே அலற விடாமல், பாதி வழியில் இன்னொரு சிறிய ஸ்பீக்கரை மெதுவாக வையுங்கள். அதில் ஒரு சூட்சுமம். சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 17 மீட்டர் தள்ளி வைத்த ஸ்பீக்கருக்கு மின்சாரம் உடனே போய்விடும், முன் ஸ்பீக்கரின் சத்தம் 50 மில்லிசெகண்ட் கழித்து வந்து சேரும். இரண்டும் ஒன்றோடொன்று மோதி வார்த்தை குழம்பும். இப்போது வரும் சில ஸ்பீக்கர்களிலும் மிக்ஸர்களிலும் 'டிலே' என்று ஒன்று உண்டு. தூரத்தைப் போட்டால் பின் ஸ்பீக்கரை அவ்வளவு தாமதப்படுத்திவிடும். அந்த வசதி இல்லையென்றால் பின் ஸ்பீக்கரை 8, 10 மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, நமக்கே உரிய ஒரு பிரச்சினை. ஆவணி அவிட்டம்.

ஐம்பது, அறுபது பேர் ஒன்றாக உட்கார்ந்து உபாகர்மா செய்கிற கிளைகள் பல. வாத்தியார் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்ல வேண்டும். மஹாசங்கல்பம் நீளமானது. ஒரு சொல் விழுந்துவிட்டால் பின் வரிசையில் இருப்பவர் பக்கத்துக்காரர் வாயைப் பார்ப்பார், அவர் அடுத்தவர் வாயைப் பார்ப்பார். வேலைக்குப் போகிற பையன்கள் அரை நாள் லீவு போட்டுவிட்டு வருகிறார்கள். மந்திரமே காதில் விழவில்லை என்றால் அடுத்த வருஷம் ஏன் வரப்போகிறார்கள்?

வாத்தியாரோ தரையில் உட்கார்ந்திருக்கிறார், குனிந்திருக்கிறார், இரண்டு கையும் பஞ்சபாத்திரத்தோடு வேலையாக இருக்கிறது. ஸ்டாண்டில் மைக் வைத்தால் அவர் குனியும்போதெல்லாம் குரல் மறைகிறது. சட்டையில் மாட்டுகிற காலர் மைக் என்றால், சட்டை எங்கே? ஒரு வருஷம் அங்கவஸ்திரத்தில் மாட்டினோம். யக்ஞோபவீத தாரணத்தின்போது மைக் ஒயரும் பூணலும் சிக்கிக்கொண்டு, எது எது என்று பிரிப்பதற்குள் பெரும்பாடாகிவிட்டது. அந்த வாத்தியார் இன்றும் என்னைக் கண்டால் சிரிப்பார்.

எங்களுக்குக் கடைசியில் சரிப்பட்டது, காதில் மாட்டி வாய்க்கோடி வரை மெல்லிய கம்பி வருகிற வயர்லெஸ் மைக். வாத்தியார் எந்தப் பக்கம் திரும்பினாலும் வாய்க்கும் மைக்குக்கும் தூரம் மாறாது. டிரான்ஸ்மிட்டர் பெட்டியைச் சிறு துணிப் பையில் போட்டு இடுப்பில் நாடாவால் கட்டிவிடுகிறோம். பஞ்சகச்சத்தில் சொருகினால் நழுவும். மைக் முனை வாய்க்கு நேரே வேண்டாம், கோடியில் ஒதுங்கி இருக்கட்டும். இல்லாவிட்டால் 'ப' வரும் இடமெல்லாம் 'டப்' 'டப்' என்று வெடிக்கும், ஆசமனம் செய்வதும் ஹால் முழுக்கக் கேட்கும்! அன்று காலை புது பாட்டரி போடுங்கள். போன நவராத்திரிக்குப் போட்டது இன்னும் இருக்கிறது என்று நம்பாதீர்கள், அது காண்டரிஷி தர்ப்பணத்தின் நடுவில்தான் தீரும்.

பஜனைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாகவதருக்கு ஒரு மைக், ஹார்மோனியத்துக்குத் தேவைப்பட்டால் ஒன்று. திருப்பிப் பாடுகிற கோஷ்டிக்கும் ஜால்ராவுக்கும் வேண்டாம். ஜால்ரா மைக்கில் விழுந்தால் முன் வரிசைக்குத் தலைவலி நிச்சயம். நாகஸ்வரத்துக்கு ஹாலுக்குள் மைக் வைக்கிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. தியாகராஜ ஆராதனை போன்ற கச்சேரிகளுக்கு, வயலினும் மிருதங்கமும் சேர்ந்து இருக்குமானால், தெரிந்த ஆளை வாடகைக்கு வைத்துக்கொள்வதே உசிதம். இந்தச் சின்ன ஸ்பீக்கர் அதற்கல்ல. செல்போனில் தம்புரா வைத்து ப்ளூடூத்தில் ஸ்பீக்கரோடு இணைப்பவர்கள், போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டு அப்புறம் ப்ளூடூத்தை மட்டும் திறக்கவும். எங்கள் செயலாளரின் ரிங்டோன் என்ன பாட்டு என்பது ஒரு லலிதா சஹஸ்ரநாம பாராயணத்தின் நடுவில் எங்கள் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

பாட்டரி ஏன் என்று சொல்கிறேன் என்றேனே. பல கல்யாண மண்டபங்களில், ஷாமியானாக்களில், மூன்றாவது பின்னில் எர்த் இருக்கிறதா என்பது பகவானுக்குத்தான் தெரியும். ஈரக் கையோடு உலோக மைக்கைப் பிடிக்கிறோம். ஜெனரேட்டர் வேறு. எர்த் சரியில்லாத இடத்தில் ஷாக் அடிப்பது வேடிக்கையான விஷயமில்லை. பாட்டரியில் ஓடுகிற ஸ்பீக்கரில், சார்ஜரைக் கழற்றிவிட்டால் அந்தக் கவலை இல்லை. 'ஹம்' என்ற இரைச்சலும் குறையும். லாப்டாப்பை இணைக்கும்போது வரும் இரைச்சலும், பல சமயம் லாப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடும். இன்னொன்று, சுவிட்ச் போர்டு வரை நடைபாதையில் ஒயர் ஓட வேண்டியதில்லை. ஓடியே தீர வேண்டுமென்றால் சுவரோரமாகக் கொண்டுபோய், நடக்கிற இடத்தில் அகல டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். எண்பது வயதுக்காரர் ஒயரில் கால் தடுக்கி இடுப்பெலும்பு முறிந்தால், சங்கம் நடத்திய எந்த விழாவும் அதற்கு ஈடாகாது. ஸ்டாண்டின் மூன்று கால்களையும் முழுதாக விரித்து, ஒரு காலின் மேல் மணல் பை போடுங்கள். நம் குழந்தைகள் அதைச் சுற்றித்தான் ஓடிப்பிடித்து விளையாடும்.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். ஒலி மாசு விதிகள் 2000-ம் வருஷத்தில் வந்தன. 2005 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பும் வந்தது. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. மூடிய ஹாலுக்குள், உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் என்றால் விலக்கு உண்டு. திறந்த இடத்தில் பகலிலும் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட் இவற்றிலிருந்து 100 மீட்டர் அமைதிப் பகுதி. குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு பகலில் 55, இரவில் 45 டெசிபெல். ஆகவே மார்கழி விடியற்காலை வீதி பஜனைக்கு ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். நாம் வெளியூரில், பல பாஷைக்காரர்களுக்கு நடுவில் குடியிருக்கிறோம். ஐந்தரை மணிக்கு ஜால்ராவும் குரலும் கேட்டு ஜன்னலைத் திறந்து கும்பிடுகிற பக்கத்து வீட்டுக்காரர், ஸ்பீக்கரைக் கேட்டால் ஜன்னலைச் சாத்திவிடுவார்.

பராமரிப்பு. எங்கள் ஸ்பீக்கர் ஆராதனை முடிந்து தையில் பரணுக்குப் போனால் ஆவணியில்தான் இறங்கும். முதல் ஸ்பீக்கர் அப்படித்தான் செத்தது. அதில் ஈய-அமில பாட்டரி. அதைக் காலியாக விட்டுவைத்தால் தகடுகள் படிந்து கெட்டுவிடும். முழு சார்ஜில் வைத்து மாதம் ஒரு தடவை ஏற்ற வேண்டும். லித்தியம் பாட்டரி என்றால் பாதி சார்ஜில் வைக்கலாம், ஆனால் முழுக்கக் காலியாக மாதக்கணக்கில் விடக்கூடாது. இப்போது ஒவ்வொரு ஏகாதசியும் ஸ்பீக்கருக்குச் சார்ஜ் என்று வைத்திருக்கிறோம். ஸ்பீக்கருக்கு மட்டும் அன்றைக்கு உபவாசம் இல்லை.

வாங்கினால் கட்டுப்படியாகுமா என்பதற்கு ஒரே கணக்கு. வருஷத்தில் எத்தனை நாள் வாடகை கொடுக்கிறீர்கள் என்று பொருளாளரிடம் கேளுங்கள். பத்து, பன்னிரண்டு நாளுக்கு மேல் போனால் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். மூன்று, நாலு நாள்தான் என்றால் வாடகையே மேல். அந்தப் பணத்தில் ஒரு நல்ல மைக்கும் உயரமான இரண்டு ஸ்டாண்டும் மட்டும் சொந்தமாக வைத்துக்கொண்டு, வாடகைக்கு வருகிற ஸ்பீக்கரை அதன் மேல் ஏற்றுங்கள்.

எப்படியானாலும் மைக் பார்ப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேடை ஓரத்தில். இன்னொருவர் கடைசி வரிசையில், நாற்காலி போட்டு, நிகழ்ச்சி முடியும்வரை எழுந்திருக்காமல். வார்த்தை புரியவில்லை என்றால் கை தூக்குவதுதான் அவர் வேலை. இந்த வேலைக்குக் காலேஜ் பையன்களைவிட நம் மாமா, மாமிகளே பொருத்தம். எங்கள் கிளையில் அந்த நாற்காலியில் இப்போது யார் உட்காருகிறார் என்று சொல்ல வேண்டியதில்லை. போன மாசம் நான் வரவேற்புரை சொல்ல ஆரம்பித்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, கை தூக்கிவிட்டார். பதறிப்போய்க் குமிழ்களையெல்லாம் திருகிவிட்டு ஓடிப்போய், "என்ன மாமி, கேக்கலையா?" என்றேன்.

"எல்லாம் நன்னா கேக்கறது. நீளமா போறது, சீக்கிரம் முடி" என்றார்.

இங்கேயும் காபி தயார் என்று ஜாடை காட்டுகிறார்கள். எங்கள் ஸ்பீக்கரையும் வாத்தியார் மைக்கையும் கொண்டுவந்து மேடைக்கு இடப்பக்கம் வைத்திருக்கிறேன். காபி சாப்பிட்டுவிட்டு இரண்டு இரண்டு பேராக வாருங்கள். ஒருவர் வாசிக்கட்டும், மற்றவர் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து கேட்கட்டும்.